நூலும் தூக்குக்குண்டும் போதும்: புவியீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

பூமி சுற்றுவதால் ஈர்ப்பு வருகிறது, காற்று மேலிருந்து அழுத்துவதால் வருகிறது, உள்ளே ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். மூன்றுமே தவறு. சுழற்சி ஈர்ப்பைத் தருவதில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் நம் எடையைச் சற்றுக் குறைக்கத்தான் செய்கிறது. இழுப்பது பூமியின் நிறை. அந்த நிறை எவ்வளவு, எங்கே குவிந்திருக்கிறது என்பதைக்கூட ஒரு தனி ஊசலை (நூலில் தொங்கி ஆடும் குண்டு) வைத்துக் கணக்கிட்டுவிடலாம்.

என்னென்ன வேண்டும்

கொத்தனார்கள் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு, ஒன்றரை மீட்டர் பின்னல் நைலான் நூல், டேப், போனில் ஸ்டாப்வாட்ச். குண்டு இல்லையென்றால் கனமான இரும்பு நட்டு போதும். தையல் நூல் வேண்டாம். முறுக்கு அவிழ்ந்து குண்டைச் சுழற்றும். சென்சாரைப் படித்து ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு) 9.8 என்று நேரடியாகக் காட்டும் ஆப்களும் வேண்டாம். எண் கிடைக்கும், எப்படி வந்தது என்று தெரியாது.

படி 1: தொங்கவிடுதல்

நூலை ஆணியில் முடிச்சுப் போட்டால், ஆடும்போது முடிச்சு உருண்டு நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு சிறு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மரத்துண்டுகளின் கீழ்விளிம்புதான் ஊசலின் தொடக்கம். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

படி 2: நீளம் (எல்லோரும் சறுக்கும் இடம்)

ஊசலின் நீளம் என்பது பிடிமானத்திலிருந்து குண்டின் ஈர்ப்பு மையம் (அதன் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) வரை. கூம்பு வடிவக் குண்டில் அந்த மையம் எங்கே என்று டேப்பை வைத்துச் சொல்ல முடியாது. நூல் முடியும் இடம் வரை மட்டும் அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுப்போகும், விடை 9.5க்கு இறங்கிவிடும்.

மையத்தைத் தேடவே வேண்டாம். குண்டுக்குச் சற்று மேலே நூலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிடிமானத்திலிருந்து அந்தக் கோடு வரை 120 செ.மீ. வைத்து ஒருமுறை நேரம் எடுங்கள். நூலை மேலே இழுத்து, அதே கோடு 50 செ.மீ.யில் இருக்கும்படி மறுபடி இறுக்கி இன்னொரு முறை எடுங்கள். கோட்டிலிருந்து மையம் வரையுள்ள தூரம் இரண்டிலும் ஒன்றுதான். படி 4இல் கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப் போகும். குண்டைத் தொங்கவிட்டபடியேதான் அளக்க வேண்டும். தரையில் கிடத்தி அளந்தால் குண்டின் கனத்தில் நூல் இழுபட்டு நீளுவது கணக்கில் வராது.

படி 3: நேரம்

நீள ஊசலைப் பக்கவாட்டில் 10 செ.மீ., குட்டை ஊசலை 4 செ.மீ. இழுத்து, தள்ளாமல் விடுங்கள். 30 பாகைக்கு இழுத்தால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடி, விடை 9.45 பக்கம் போய்விடும். குண்டு நீள்வட்டமாகச் சுற்றினால் நிறுத்திவிட்டு மறுபடி விடுங்கள். நான்கைந்து அலைவுகள் போன பிறகு, குண்டு (ஆடாதபோது நிற்கும்) நடு இடத்தைக் கடக்கும் நொடியில் ‘பூஜ்யம்’ என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அதே திசையில் அடுத்து கடக்கும்போதுதான் ‘ஒன்று’. 50 வரை எண்ணுங்கள்.

படி 4: கணக்கு

ஈர்ப்பு முடுக்கம் = 39.48 × (நீளங்களின் வித்தியாசம்) ÷ (அலைவு நேர வர்க்கங்களின் வித்தியாசம்)

மாதிரிக்கு, 50 அலைவுகளுக்கு 111.4 விநாடியும் 73.1 விநாடியும் வந்தால், ஓர் அலைவுக்கு 2.228, 1.462. வர்க்கங்கள் 4.964, 2.137, வித்தியாசம் 2.827. நீள வித்தியாசம் 0.70 மீட்டர். விடை சுமார் 9.78 மீ/வி². சென்னையில் உண்மை மதிப்பும் ஏறக்குறைய 9.78தான்.

இப்போது இரும்புக் குண்டை எடுத்துவிட்டு ஒரு கல்லைக் கட்டிப் பாருங்கள். அதே விடைதான் வரும். நியூட்டன் இதைத் தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை என்று ஒன்பது பொருள்களில் சோதித்தார். காந்தம்தான் காரணம் என்றால் இரும்பும் கோதுமையும் ஒன்றுபோல ஆடியிருக்காது.

படி 5: பூமியை எடைபோடுதல்

இதற்கு ஈர்ப்பு மாறிலி (இரண்டு நிறைகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் எண்) வேண்டும். அதை வீட்டில் அளப்பது கடினம். ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1797–98இல் தலா 158 கிலோ ஈயக் கோளங்கள் 0.73 கிலோ குண்டுகளை இழுப்பதை, தன் உடல் சூட்டில் காற்று அசையாதபடி அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்து அளந்தார். இன்றைய மதிப்பு 6.674 × 10⁻¹¹.

பூமியின் நிறை = முடுக்கம் × ஆரத்தின் வர்க்கம் ÷ மாறிலி. ஆரம் 63,71,000 மீட்டர். விடை 5.95 × 10²⁴ கிலோ. நூல்களில் இருப்பது 5.97. அதைப் பூமியின் கனஅளவால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 5,490 கிலோ. நம் காலடியிலுள்ள கருங்கல்லோ 2,700 கிலோதான். மிச்ச கனம் ஆழத்தில் இருந்தாக வேண்டும். அதுதான் இரும்புக் கருவம்: கனஅளவில் ஆறில் ஒரு பங்கு, நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உங்கள் குண்டை இழுத்ததில் கணிசமான பகுதி 2,900 கி.மீ.க்குக் கீழேயிருந்து வந்திருக்கிறது!

நிறை ஏன் இழுக்கிறது என்ற கேள்விக்கு ஐன்ஸ்டைன் 1915இல் தந்த விடை: நிறை தன்னைச் சுற்றிய வெளியையும் காலத்தையும் வளைக்கிறது, பொருள்கள் அந்த வளைவில் செல்கின்றன. ஊசலின் கணக்குக்கு நியூட்டனே போதும்.

பின்சேர்க்கை

10.2 வருகிறதா? முதல் கடப்பையே ‘ஒன்று’ என்று எண்ணியிருக்கிறீர்கள். 49 அலைவை 50 என்று வகுத்தால் சரியாக அந்த எண்தான் வரும்.

ஊட்டிக்குக் கொண்டுபோனால் குறையுமா என்று கேட்கிறார்கள். குறையும், ஆனால் அதிகபட்சம் 0.007 அளவுக்கு. ஸ்டாப்வாட்சில் அது பிடிபடாது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவிலுள்ள கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். ஊசல் கடிகாரத்தை நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்கும் அந்த வழிதான் சரி. ஊட்டியில் பின்தங்குவது நாளுக்கு அரை நிமிடத்துக்குள் இருக்கும். ஆனால் அங்குள்ள குளிரில் இரும்புத் தண்டு சுருங்கிக் கடிகாரத்தை வேகப்படுத்தும். 15 பாகை செல்சியஸ் குறைந்தாலே நாளுக்கு 7–8 விநாடி; அதைக் கூட்டிக்கொண்டு கணக்கிடுங்கள்.