அலைன்மெண்ட் கடைக்கு முதலில் ஓடாதீர்கள்

ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு கல் பாதையில் ஏறி இறங்கி வந்த மறுநாள், என் பழைய மாருதி ஜிப்சியின் ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியபடியே நின்றது. வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணல். அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முன்சக்கரம் இரண்டையும் கருவியில் மாட்டிப் பார்த்துச் சரி செய்து கொடுத்தார்கள். வெளியே வந்து ரோட்டில் ஏறியதும் மறுபடி அதே கோணல். இன்னொரு கடையிலும் அதே கதை. மூன்றாவது கடையில், ஸ்டியரிங்கையே கழற்றி இரண்டு பல் தள்ளி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்! பார்வைக்கு நேராகிவிட்டது. ஆனால் வலது பக்கம் ஒடிக்கும் சுற்றும் இடது பக்கம் ஒடிக்கும் சுற்றும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கத்து இண்டிகேட்டர் தானாக அணைவதும் நின்றுபோனது.

மூன்று கடைக்குக் காசு கொடுத்த பிறகுதான் புரிந்தது. அலைன்மெண்ட் கருவி கோணத்தை அளந்து சொல்லும், அவ்வளவுதான். அந்தக் கோணம் ஏன் மாறியது என்று அதற்குத் தெரியாது. ஆட்டம் கண்ட ஜாயிண்டோடு கருவியில் ஏற்றினால், நின்ற நிலையில் எல்லா எண்ணும் பச்சையாகக் காட்டும். முதல் பள்ளத்தில் இறங்கியதும் எல்லாம் மாறிவிடும்.

முதலில் தண்ணீரும் காற்றும்

சேற்றில் போய் வந்த வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கினால், முக்கால்வாசி நேரம் காரணம் ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்தான். பேலன்சிங்கில் 5 கிராம், 10 கிராம் என்று வெயிட் ஒட்டிச் சரிக்கட்டும் சக்கரத்தில் கால் கிலோ களிமண் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? வெளிப்பக்கம் பளபளவென்று கழுவிவிட்டு உள்பக்கத்தை மறப்பதுதான் வழக்கம். நடுக்கம் வேறு, இழுப்பு வேறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் பேலன்சிங் அல்லது ரிம் வளைவு காரணம். ஒரு பக்கம் இழுப்பதும் டயர் ஓரமாகத் தேய்வதும்தான் அலைன்மெண்ட் சங்கதி.

அப்புறம் காற்று. மணலுக்கும் பாறைக்கும் 18, 20 பிஎஸ்ஐ என்று இறக்கியிருப்போம். திரும்பி வரும்போது வழியில் கிடைத்த பங்கில் அடித்த காற்று நாலு டயரிலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். முன் டயர் இரண்டுக்கும் நடுவே நாலைந்து பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே, குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். டயர் ஆறிய பிறகு அளவு பாருங்கள்.

இழுப்பைச் சோதிக்கிற இடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மழைநீர் வடிய நம் சாலைகளை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுவார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால், கையை விட்டால் நல்ல வண்டியும் மெல்ல இடது பக்கம் ஒதுங்கும். சமதளமான இடத்தில் பார்க்காமல் "லெஃப்ட்ல இழுக்குது" என்று சொல்லாதீர்கள்.

மகிந்திரா தார், ஜிம்னி, ஜிப்சி போன்ற 4x4 வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் விசை போகும் 4எச் போட்டது போட்டபடி தார் ரோட்டுக்கு வந்துவிட்டால், திருப்பத்தில் ஸ்டியரிங் கெட்டியாகும், வண்டி திமிறும். முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் வரும் முறுக்கம் அது. பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் 2எச்-க்கு மாற்றினால் போய்விடும். இதற்குப் போய் ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றியவர்கள் உண்டு.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால், கல்லோ சேறோ புகுந்து அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இழுப்புக்கு அதுவே போதும்.

ஆட்டம் பார்க்கும் முறை

ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் வீல் பேரிங்கோ, சக்கரம் திரும்புவதற்கான பால் ஜாயிண்டோ கிங் பின் பேரிங்கோ போயிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் மற்றவை. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனை மூட்டான டை ராடு எண்டைப் பாருங்கள்.

இதோடு நிறுத்திவிடுவதும் ஒரு தவறு. தூக்கிய நிலையில் தெரியாத ஆட்டம் வண்டியின் பாரம் இறங்கும்போது தெரியும். நாலு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகரும் இடம் விரலுக்கே தெரிந்துவிடும்.

டை ராடு வளைந்திருந்தால் "பெண்டு எடுத்துத் தருகிறேன்" என்பார்கள். சூடு காட்டித் தட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராகத்தான் இருக்கும், இரும்பின் பலம் போயிருக்கும். ஒடிந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும். மாற்றத்தான் வேண்டும். வளைந்த ராடை அப்படியே வைத்துக்கொண்டு திருகித் திருகி டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவை, சரிக்கட்டுவதும் இதே ரகம்தான்.

ஜிம்னி, ஜிப்சி போல முன்பக்கம் ஒரே கட்டை அச்சாக இருக்கும் வண்டிகளில், சில சமயம் ஒரு பள்ளம் தட்டியதும் முன்சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கி, வேகம் குறைத்த பிறகுதான் அடங்கும். உடனே அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றுவார்கள். உதறல் குறையவும் செய்யும், அதுதான் ஆபத்து. தேய்ந்த கிங் பின் பேரிங்கும், ஜிம்னியில் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ராடின் புஷ்ஷும், புது டேம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மேலும் தேயும். இந்த வண்டிகளில் கடையில் திருப்பிச் சரி செய்ய இருப்பது டோ மட்டும்தான். கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், மாறியிருந்தால் ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. "கேம்பரையும் செட் பண்ணிட்டோம்" என்று யாராவது சொன்னால், எதை வளைத்தீர்கள் என்று கேளுங்கள்.

பின்பக்கத்தை யார் பார்த்தது?

என் ஜிப்சி விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்துக் கூப்பிட்டார். "சார், வண்டி நண்டு மாதிரி போவுதே, பாத்தீங்களா?"

"இல்லண்ணே, ஸ்டியரிங்தான் கோணலா இருந்துச்சு."

"ஸ்டியரிங்க விடுங்க. டேப்பு புடிங்க."

முன்சக்கரங்களை நேராக வைத்துவிட்டு, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை அளந்தோம். வலது பக்கம் 237 சென்டிமீட்டர் சொச்சம், ஜிப்சிக்கு இருக்க வேண்டிய அளவு. இடது பக்கம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கூடுதல். பின் இடது பட்டை ஸ்பிரிங்கை அச்சின் மேல் சரியான இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் முறிந்து, அச்சு அந்தப் பக்கம் பின்னால் நழுவியிருந்தது. பாறையில் இடித்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது சத்தம் கேட்டும் பொருட்படுத்தவில்லை. பின்சக்கரங்கள் இடது பக்கம் பார்த்துத் தள்ள, வண்டி நேராகப் போக நான் ஸ்டியரிங்கை இடது பக்கமே பிடித்திருக்க வேண்டியிருந்தது. முன்சக்கரங்களை மட்டும் அளந்த எந்தக் கடையிலும் இது தெரிய வழியில்லை.

பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தியதும் முறிந்த போல்ட்டின் தலை தனியாகக் கையில் வந்தது. முறிந்த இடத்தில் பாதி துருப்பிடித்திருந்தது, பாதி புதிதாகப் பளபளத்தது. புது போல்ட்டும் புது யூ போல்ட்டும் போட்டு, பழைய இடத்துக்கே ஸ்டியரிங்கை மாற்றி மாட்டிய பிறகுதான் அலைன்மெண்டுக்குப் போனேன். நாலு சக்கரத்தையும் அளக்கும் கடையாகப் பார்த்து, கை வைப்பதற்கு முன்பே இருந்த அளவையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேன். முன் டோ சரியாகவே இருந்தது. திருப்ப வேண்டியது எதுவுமில்லை என்றார்கள்.

பட்டறைக்காரர் சொன்னபடி 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கினேன். நாலில் இரண்டு கால் சுற்று ஏறின.