உங்கள் பேட்டையின் பெயரை வரைபடத்தில் திருத்துவது எப்படி? ஒரு ஜாபர்கான்பேட்டைக்காரியின் செய்முறை

“அம்மா, பில்லர்கிட்ட நிக்கிறேன். உங்க கடை எங்க இருக்கு?”

“பில்லர்ல ஏன்பா நிக்கிற? காசி தியேட்டர் சிக்னலுக்கு வா.”

அம்மாவின் தையல் கடைக்கு வாரம் இரண்டு முறையாவது இப்படி போன் வரும். கடை இருப்பது சென்னை ஜாபர்கான்பேட்டையில். ஆனால் ஒரு கடை விவரத் தளம் எங்களை ‘அசோக் நகர் எக்ஸ்டென்ஷன்’ என்று போட்டு வைத்திருந்தது. இருபத்தெட்டு வருடமாக இங்கேதான் இருக்கிறோம். அப்படி ஒரு பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதை நம்பி வருகிறவர்கள் அசோக் பில்லரில் இறங்கிவிட்டு விழிப்பார்கள்.

திருத்தி முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அதில் மூன்று வாரம் என் சொந்தத் தப்பால் வீணானது. உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதும்.

படி 1: தப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எடுத்தவுடன் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பாதீர்கள். நானும் அனுப்பினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். இம்மாதிரித் தளங்களில் பல, பகுதிப் பெயரைக் கையால் எழுதுவதில்லை. கடையின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு வரைபடச் சேவையிடம் கொடுத்து, “இது எந்தப் பகுதி?” என்று கேட்டு, வந்த பதிலை ஒட்டிவிடுகின்றன.

அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். அதன் தேடல் இயந்திரத்துக்குப் பெயர் நாமினேட்டிம். நாமினேட்டிமின் இணையப் பக்கத்தில் ‘ரிவர்ஸ்’ என்ற பிரிவுக்குப் போய், உங்கள் கடை இருக்கும் இடத்தை வரைபடத்தில் சொடுக்குங்கள். தெரு, பகுதி, நகரம், மாவட்டம் என்று முகவரி வரும். அதில் ‘டீடெய்ல்ஸ்’ பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சொல்லும் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்று வரிசையாகக் காட்டும். இங்கே தப்பான பெயர் வந்தால் படி 3க்குப் போகலாம். இங்கே சரியாக இருந்து தளத்தில் மட்டும் தப்பாக இருந்தால் படி 5க்குத் தாவிவிடுங்கள்.

படி 2: ஆதாரம் சேருங்கள்

சென்னையில் ‘இந்தப் பகுதி இங்கே தொடங்கி இங்கே முடிகிறது’ என்று சொல்ல ஒரே ஒரு கோடு கிடையாது. மாநகராட்சிக்கு மண்டலங்களும் 200 வார்டும் உண்டு. அவற்றுக்கு எல்லை உண்டு, ஆனால் “நான் இத்தனாவது வார்டுக்காரன்” என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுப் பத்திரத்தில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் பெயர். கோடம்பாக்கத்தில் வீடு வாங்கியவர்கள் பத்திரத்தைப் பிரித்ததும் ‘புலியூர் கிராமம்’ என்று பார்த்துத் திகைப்பது இதனால்தான். பின்கோடோ தபால் பட்டுவாடாவுக்காக 1972இல் வந்த எண். தபால்காரர் எந்த அலுவலகத்திலிருந்து கிளம்புகிறார் என்பதுதான் அதற்கு முக்கியம். எங்களுக்கும் அசோக் நகருக்கும் 600083 என்று ஒரே எண். குழப்பத்தில் பாதி அங்கே பிறக்கிறது.

ரயில் நிலையப் பெயரையும் நம்ப முடியாது. தி. நகரில் துணி வாங்கப் போகிறவர்கள் இறங்குவது மாம்பலம் நிலையத்தில். மாம்பலம்தான் பழைய பெயர், தி. நகர் 1920களில் வந்தது. எங்கள் பக்கம் மெட்ரோ போகிறது. அசோக் நகர் நிலையம், ஆற்றைத் தாண்டினால் ஈக்காட்டுத்தாங்கல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பேட்டையின் பெயரில் நிலையம் இல்லை.

அதனால் நான் தெருவில் இறங்கி போட்டோ எடுத்தேன். மாநகராட்சியின் தெருப் பலகை, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடப் பலகை, கோயில் வாசல் கல்வெட்டு, தண்ணீர்த் தொட்டி. இருபது படம் போதும். எந்தத் தெரு வரை ‘ஜாபர்கான்பேட்டை’ என்று எழுதியிருக்கிறது, எங்கே அது நின்றுபோகிறது என்று பார்த்தால் எல்லை தானாகப் புலப்படும். மளிகைக் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். ரியல் எஸ்டேட் தரகர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் கணக்கில் அசோக் நகர் ஆற்றங்கரை வரை வரும்.

ஒரு எச்சரிக்கை: வேறு வரைபடச் செயலியைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதக் கூடாது, பதிப்புரிமைப் பிரச்சினை. உங்கள் கண்ணும் உங்கள் போட்டோவும்தான் ஆதாரம்.

படி 3: புள்ளியைப் பிடியுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்குவதையெல்லாம் விளக்கப் போவதில்லை, மின்னஞ்சல் இருந்தால் போதும். உங்கள் பகுதிக்கு நன்றாக நெருங்கிப் போனால்தான் ‘எடிட்’ பொத்தான் உயிர்பெறும். திறப்பது ‘ஐடி’ எனும் திருத்தி. தொடக்கக்காரர்களுக்கு அதுவே போதும். ‘ஜோஸம்’ என்ற இன்னொரு திருத்திதான் சிறந்தது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் கத்தரிக்காய் நறுக்க அரிவாள் எடுப்பது மாதிரி. போனில் திருத்த வேண்டுமானால் ‘எவ்ரிடோர்’ செயலி கடைகளுக்கு அருமை. பகுதிப் பெயரைத் தொட மட்டும் கணினியில் உட்காருங்கள். போனில் விரல் வழுக்கி ஒரு பேட்டையையே அடுத்த தெருவுக்கு நகர்த்திவிடலாம்.

பகுதி என்பது அங்கே ஒரே ஒரு புள்ளி. உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதையே திருத்துங்கள், இன்னொன்று போடாதீர்கள். இல்லையென்றால் புதிதாக, மக்கள் ‘நடு ஊர்’ என்று நினைக்கும் இடத்தில் வையுங்கள்.

எல்லைக் கோடு வரைய ஆசை வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். அதிகாரபூர்வமான எல்லை இல்லாத இடத்துக்கு நீங்கள் கோடு போட்டால், “இதற்கு ஆதாரம் என்ன?” என்று இன்னொரு திருத்துநர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது.

படி 4: நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம்

இதை மெதுவாகப் படியுங்கள்.

புள்ளியின் வகையாக நான் ‘நெய்பர்ஹுட்’ என்று தேர்ந்தெடுத்தேன். பேட்டை என்றால் அக்கம்பக்கம்தானே, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். வரைபடத்தில் பெயர் அழகாகத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன், அவரும் சந்தோஷப்பட்டார். கடை விவரத் தளத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருந்தேன். பழைய தகவலையே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் நாமினேட்டிமில் மறுபடி சொடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முகவரியில் இரண்டு வரி வந்தது. நெய்பர்ஹுட்: ஜாபர்கான்பேட்டை. சபர்ப்: அசோக் நகர்.

நடந்தது இதுதான். ‘சபர்ப்’ பெரிய பகுதி, ‘நெய்பர்ஹுட்’ அதற்குள் அடங்கிய சின்னப் பகுதி. எல்லைக் கோடு இல்லாதபோது அந்த இயந்திரம் ஒவ்வொரு தெருவுக்கும், அந்தந்த மட்டத்தில் பக்கத்தில் இருக்கும் புள்ளியின் பெயரை எடுத்துக்கொள்ளும். தெருவுக்குக் கிடைத்த பெயரை அந்தத் தெருவின் கடைகளும் வாங்கிக்கொள்ளும். நான் எங்கள் பேட்டையை ‘நெய்பர்ஹுட்’ ஆக்கியதால், சபர்ப் மட்டத்தில் பக்கத்தில் நின்றது அசோக் நகர். அந்தத் தளமோ சபர்ப் வரியை மட்டும் படித்து, அசோக் நகரின் வால்பகுதியில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று தானே சேர்த்துக்கொண்டிருந்தது. அதாவது, எங்கள் பேட்டை அசோக் நகருக்குள் அடங்கியது என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வகையைச் ‘சபர்ப்’ என்று மாற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து நாமினேட்டிமில் பார்த்தால் சபர்ப்: ஜாபர்கான்பேட்டை. உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டினேன்.

ஆனால் ஒன்று. ஒரு தளத்தில் பெயர் வர வேண்டும் என்பதற்காக மட்டும் வகையை ஏற்றாதீர்கள். நான் மாற்றியதற்குக் காரணம் உண்டு. அசோக் நகர் 1960களில் வீட்டு வசதி வாரியம் அமைத்த மனைப்பகுதி. பேட்டை அதற்கு முன்பே இருந்த ஊர். ஒன்றுக்குள் ஒன்று அடங்கியதல்ல, பக்கத்துப் பக்கத்து ஊர். உங்களுடையது உண்மையிலேயே பெரிய பகுதிக்குள் இருக்கும் ஒரு காலனி என்றால் ‘நெய்பர்ஹுட்’ தான் சரி.

சேமிக்கும்போது குறிப்பு எழுதச் சொல்லும். ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், “தெருப் பலகைகளை நேரில் பார்த்து” என்று எழுதுங்கள். கீழே ‘என் திருத்தத்தை யாராவது சரிபார்க்கவும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் பத்துத் திருத்தத்துக்கு அதை டிக் செய்வது நல்லது.

பெயர்க் கட்டங்களில் தமிழ்ப் பெயரைத் தனியாகத் தமிழ் என்று குறித்து எழுதுங்கள். ஜாஃபர்கான்பேட்டை, சாபர்கான்பேட்டை என்ற மற்ற எழுத்துகளையும், ஆங்கிலத்தில் ஓர் எஃபா இரண்டு எஃபா என்ற குழப்பத்தையும் ‘ஆல்ட் நேம்’ (மாற்றுப் பெயர்) டேகில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுதலாம். அப்போதுதான் எப்படித் தேடினாலும் கிடைக்கும். முதன்மை ஆங்கிலப் பெயரை மட்டும் உங்கள் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றாதீர்கள், பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும்.

படி 5: தளத்துக்கு எழுதுங்கள்

இப்போது எழுதலாம். “பெயர் தப்பு” என்று கோபப்படாமல், ஓபன்ஸ்ட்ரீட்மேப் புள்ளியின் இணைப்பு, நாமினேட்டிம் காட்டும் வரி, இரண்டு பலகைப் படம், இவ்வளவையும் ஒரே அஞ்சலில் வையுங்கள். கடை உங்களுடையது என்றால் அந்தப் பதிவை உங்கள் பெயரில் உரிமை கோரிவிட்டு எழுதுவது இன்னும் வேகம். எனக்கு ஒன்பது நாளில் மாறியது.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ‘ஃபிஸ்க்ஹார்ன்’ என்ற பகுதி கூகுள் வரைபடத்தில் ‘ஃபிஷ்கார்ன்’ என்று ஆகி, வீட்டு விளம்பரங்கள் வரை போய்விட்டதை 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பஃபலோ நகரில் பழப் பெயர்கள் சூட்டிய தெருக்கள் உள்ள ‘ஃப்ரூட் பெல்ட்’ பகுதி, பக்கத்து மருத்துவ வளாகத்தை ஒட்டி ‘மெடிக்கல் பார்க்’ ஆகியிருந்தது.

பிற்சேர்க்கை 1: “எங்களுக்கு அசோக் நகர் என்று இருப்பதுதான் வசதி, வீட்டு வாடகை அப்படித்தான் போகும், நீங்கள் ஏன் மாற்றினீர்கள்?” என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். வட சென்னையிலிருந்து இன்னொருவர், தன் பகுதிப் பெயரைச் சொன்னால் வீடு கிடைக்காது என்பதால் பக்கத்துப் பகுதிப் பெயரைச் சொல்லியே பழகிவிட்டதாக எழுதினார். இரண்டாவது கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பத்திரிகையிலும் விசாரிப்பிலும் நீங்கள் என்ன பெயர் சொல்லிக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். அம்மாவே விசிட்டிங் கார்டில் ‘அசோக் நகர் அருகில்’ என்று அடித்திருக்கிறார். வரைபடத்தில் மட்டும் பேட்டை பேட்டையாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

பிற்சேர்க்கை 2: திருத்தி ஒரு மாதமாகியும் போனில் பழைய பெயர்தான் வருகிறது என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் வரைபடத்தை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்பவை. செயலியில் அந்த மாநிலத்தின் வரைபடத்தைப் புதுப்பியுங்கள்.

பிற்சேர்க்கை 3: ஸ்ரீநிவாசபுரம் என்று எழுதியும் தேடலில் வரவில்லை என்றார் ஒருவர். அரை நாள் மண்டை காய்ந்தது. தமிழில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், மற்றொன்று ‘ஶ’வில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. சந்தேகம் இருந்தால் ‘ரீ’ பகுதியை மட்டும் அழித்துப் பாருங்கள், மீதி நிற்கும் எழுத்து ‘ஸ்’ ஆ ‘ஶ்’ ஆ என்று தெரிந்துவிடும். முதன்மைப் பெயரில் ஒன்றையும் ஆல்ட் நேமில் மற்றதையும் போட்டோம். இப்போது எப்படித் தட்டினாலும் வருகிறது.