ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவில் ஒரு நாள் மலையேற்றம்: எப்படித் திட்டமிடுவது?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரக் கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, இருபுறமும் சீராகச் சரிந்து கடலில் இறங்கும் ரங்கிட்டோட்டோ ஏறக்குறைய எங்கிருந்தும் கண்ணில் படும். அந்நகரைச் சுற்றியுள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளில் இதுவே இளையது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்புதான் கடலுக்குள்ளிருந்து வெடித்தெழுந்தது. உயரம் 259 மீட்டர்தான் என்பதால் பலர் இதைப் பூங்கா உலாவாக நினைத்து வெறுங்கையுடன் புறப்பட்டுவிடுகிறார்கள். மலை ஏறுவது கடினமன்று என்பது உண்மையே. ஆனால் தீவில் கடை இல்லை, குடிநீரை நம்பிப் போக முடியாது, இரவு தங்க விடுதியும் இல்லை. ஆகவே இந்தப் பயணத்தைக் கடைசிப் படகின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே சரியான முறை.

நகர மையத்தின் படகுத்துறையிலிருந்து ஃபெரியில் செல்ல ஏறக்குறைய 25 நிமிடங்கள் ஆகும். படகு நேரங்கள் பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறுவதால், பழைய அட்டவணையை நம்பாமல் செல்லும் வாரத்திலேயே பார்த்து, போகவர இரண்டுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பலத்த காற்று வீசினால் படகு ரத்தாகலாம் என்பதால் அன்று காலையிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள் அதிகக் கட்டணம் கொடுத்துத் தனிப் படகை வரவழைக்க வேண்டியிருக்கும்.

தீவுத் துறையிலிருந்து உச்சிக்கு ஒரு மணி நேரம், எரிமலை வாயைச் சுற்றும் பாதைக்குக் கால் மணி நேரம், லாவா குகைகளுக்குப் பிரிந்து சென்று திரும்ப அரை மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியில் அமர்ந்து உண்பதற்கும் குழந்தைகளோ முதியவர்களோ இளைப்பாறுவதற்கும் இன்னொரு மணி நேரத்தைச் சேர்த்தால், கரையில் இறங்கியது முதல் மூன்றரை மணி நேரம் தேவைப்படும். படகு புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே துறைக்குத் திரும்பிவிடும்படி கணக்கிட்டால் இறக்கத்தில் ஓட வேண்டியிராது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஓடைகள் கிடையாது. பெய்யும் மழையெல்லாம் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. மண்ணும் மிகக் குறைவு. பாதையின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் மரமே இல்லாத கருங்கல் வெளிகள் வருகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் அந்தக் கற்கள் வெயிலை வாங்கி அனலாகத் திருப்பி வீசும்போது, காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கிளம்பியவர்கள் திணறிப்போவார்கள். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது கோடைக்கு மிகையான அளவன்று. நியூசிலாந்து வெயிலில் புற ஊதாக் கதிர்களின் தாக்கம் கடுமையாக இருப்பதால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம் வேண்டும். மேகமூட்டத்தை நம்பி இவற்றை விட்டுவிடக் கூடாது.

செருப்பு வேண்டாம். பாதையில் கிடக்கும் எரிமலைக் கற்கள் தேன்கூடு போல் துளைகளுடன், விளிம்பு கூர்மையாக இருக்கும். காலடியில் உருளவும் செய்யும். ஏறும்போது தெரியாத இந்தத் தொல்லை இறங்கும்போதுதான் தெரியும். நல்ல பிடிப்புள்ள மூடிய காலணியே ஏற்றது.

அந்தக் காலணியைப் படகில் ஏறுமுன் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். எலிகள், பூனைகள் உள்ளிட்ட அயல் விலங்குகளை முற்றாக அகற்றியபின், ரங்கிட்டோட்டோவும் அதை ஒட்டிய மோட்டுட்டாப்பு தீவும் 2011இல் அவற்றிலிருந்து விடுபட்டவையாக அறிவிக்கப்பட்டன. அயல் உயிரினம் ஒன்றுகூட மீண்டும் நுழையக் கூடாது என்பதற்காக, பையின் மூலைகளில் எறும்போ, காலணிக் கயிற்றில் ஒட்டிய விதையோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உணவை இறுக்கமாக மூடும் டப்பாவில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆக்லாந்துத் தமிழர்கள் எலுமிச்சைச் சாதத்தையோ புளியோதரையையோ கட்டிக்கொண்டு போனால் எவர்சில்வர் அடுக்கே போதும். குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பையும் வேண்டும்.

குகைகளுக்குள் செல்ல விரும்புவோர் டார்ச்சையும் மறக்கக் கூடாது. லாவா வழிந்தபோது மேற்பரப்பு குளிர்ந்து இறுக, உள்ளிருந்த குழம்பு தொடர்ந்து ஓடி வடிந்துவிட்டதால் உண்டான குழாய்கள் அவை. தரை மேடுபள்ளமாகவும் கூரை சில இடங்களில் தலையில் இடிக்கும் தாழ்விலும் இருப்பதால் செல்பேசி வெளிச்சத்தை நம்பாமல் இருப்பது நல்லது.

எந்த மாதம் செல்வது என்று கேட்டால், டிசம்பரைச் சொல்வேன். பாறை வெடிப்புகளில் வேரூன்றிக் காடாக வளர்ந்துள்ள பொஹுட்டுகாவா மரங்கள் அப்போது செந்நிறமாகப் பூக்கும். மழை பெய்த மறுநாள் செல்ல முடிந்தால் இன்னொரு லாபமும் உண்டு: வறட்சியில் சுருண்டு கிடக்கும் சிறுநீரக வடிவப் பெரணி இலைகள் ஈரம் பட்டதும் விரிந்து, மர நிழலில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய பச்சையாகத் தெரியும்.

நேரம் மிஞ்சினால் கிழக்கேயுள்ள இஸ்லிங்டன் விரிகுடா வரை நடக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். அந்தச் சுற்று பல மணி நேரம் பிடிப்பது; முதல் படகிலேயே வந்து இறங்கியவர்கள் மட்டுமே அதை எண்ணிப் பார்க்கலாம். அவர்களும், திரும்பும் படகு எந்தத் துறையிலிருந்து புறப்படும் என்பதை இறங்கும்போதே படகுப் பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.