நாய்க்குட்டியைக் கூட்டுக்குப் பழக்கும் முறை

எட்டு வார வயதில் ஜிம்மியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவே நான் பெரும் பிழை ஒன்றைச் செய்தேன். அதைக் கூட்டுக்குள் விட்டுக் கதவைக் கொளுவி, கூட்டை விறாந்தையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். விடியும்வரை அது அழுதது. காலையில் பார்த்தபோது, கம்பியைக் கடித்ததில் முரசு கிழிந்து, கீழே விரித்திருந்த சாக்கில் இரத்தம் பட்டிருந்தது. அதன்பின் இரண்டு கிழமையாக அது கூட்டின் பக்கமே வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பழக்கிய முறையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கூடு. நமது வெக்கைக்குப் பிளாஸ்டிக் பெட்டியைவிடக் கம்பிக்கூடே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. இளைத்தே சூட்டைத் தணிப்பதால் நாலு பக்கமும் காற்று வர வேண்டும். இரும்பு ஒட்டும் கடையில் செய்விப்பதானால் கம்பி முனைகளை நன்றாக அராவச் சொல்லுங்கள். குட்டி தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். ஆகவே பெரிய கூட்டைப் பலகையால் மறித்து, குட்டி வளர வளரப் பலகையைப் பின்னே தள்ளுங்கள்.

அடுத்து, கதவைத் திறந்தபடியே விட்டு, முள் எடுத்த மீனும் சோறும் பிசைந்து கூட்டுக்குள்ளேயே வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கும்வரை கதவைத் தொடவே வேண்டாம்.

நான் தவறிய இடம் இந்தக் கதவுதான். அது சாப்பிடும்போது மெல்லச் சாத்தி, சாப்பிட்டு முடிக்குமுன் திறந்துவிடுங்கள். மறுநாள் ஒரு நிமிடம், பிறகு 5, பிறகு 10 என்று, அருகிலேயே இருந்தபடி நேரத்தைக் கூட்டுங்கள். முனகும்போது திறந்தால் முனகினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு மூச்சு நேரமாவது அது அமைதியாகும் வரை பொறுத்துத் திறங்கள். கதறினாலோ கம்பியைக் கடித்தாலோ, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். உடனே திறந்து, முந்திய படிக்குத் திரும்புங்கள்.

இரவில் கூட்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். என் பழைய சாரம் ஒன்றை விரித்து, கம்பி இடுக்கில் விரலை விட்டுப் படுத்தபோதுதான் ஜிம்மி முதன்முதலாக அழாமல் உறங்கியது. நடுச்சாமத்தில் எழுந்து முனகினால் அது பிடிவாதமன்று, அவசரம். இரண்டு மாதக் குட்டியால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது; முற்றத்தில் ஒரே இடத்துக்குத் தூக்கிச் சென்று, விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். கூட்டுக்குள் கழித்துவிட்டால் அமோனியா கலந்த திரவத்தால் கழுவ வேண்டாம். அந்த மணம் சிறுநீரை ஒத்திருப்பதால் மீண்டும் அங்கேயே கழிக்கத் தூண்டும். தண்ணீர் கலந்த வினாகிரி போதும்.

தண்டனையாக ஒருபோதும் கூட்டில் அடைக்காதீர்கள். இப்போது கோயில் திருவிழாவில் வெடி கேட்டால் ஜிம்மி தானாகவே கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பிற்சேர்க்கை: கூட்டைத் தகரக் கொட்டிலின் கீழ் வைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அடைபட்ட குட்டி இறந்தே போகலாம், வீட்டுக்குள் வையுங்கள். இன்னொருவரின் குட்டியினுடைய மணி கட்டிய கழுத்துப்பட்டி கம்பியில் மாட்டிக்கொண்டதாம். உள்ளே விடுமுன் பட்டியைக் கழற்றிவிடுங்கள்.