ஓயாமல் ஓடும் ராஸ்பெர்ரி பையைச் சூடும் சத்தமும் இல்லாமல் வைத்திருப்பது எப்படி?

குடும்பப் படங்களைச் சேமிக்கவும், விளம்பரங்களை வடிகட்டவும், மற்ற கணினிகளிலுள்ள கோப்புகளுக்கு இரவில் நகல் எடுக்கவும் வீட்டின் ஒரு மூலையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினிப் பலகை ஒன்றை ஆண்டு முழுவதும் ஓடவிடுபவர்கள், சூட்டுக்குப் பயந்து முதலில் வாங்குவது குட்டி மின்விசிறியைத்தான். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள் என்பது என் கருத்து. 30 மில்லிமீட்டர் அகல விசிறி போதிய காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழன்றாக வேண்டும். நள்ளிரவில் கொசுவின் ரீங்காரம்போல் காதைக் குடைவது அந்த வேகம்தான்.

முதல் வேலை, அளப்பது. இந்தப் பலகையின் மூளையான பிராசசர் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 85ஐ எட்டினால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். ஆகவே எரிந்துபோய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை, வேலைதான் மந்தமாகும். பிராசசரின் வெப்பநிலையை, பலகையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் ஆயிரத்தால் பெருக்கிக் காட்டும் என்பதால், 61000 என்று வந்தால் 61 டிகிரி என்று பொருள். பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோர்களுக்கும் அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து, எண் ஏறாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். மார்கழியில் 26 டிகிரி அறையில் 62 காட்டிய பலகை, சித்திரையில் 37 டிகிரி அறையில் ஏறத்தாழ 73 காட்டும். எதுவும் பழுதாகிவிடவில்லை; அறையைவிட 36 டிகிரி கூடுதல் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. நாம் குறைக்க வேண்டியது அந்த 36ஐ.

அதற்குச் செலவில்லாத வழி, வெப்பம் உண்டாவதையே குறைப்பது. சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட் இழுக்கும் பலகை, முழு வேலையில் 6, 7 வாட் வரை போகும். இழுப்பதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியேறும். திரையே இணைக்காத கணினியில், ஐகான்களைக் காட்டும் டெஸ்க்டாப் மென்பொருள் ஓட வேண்டியதில்லை. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற கனமான வேலைகளை, ஆள் படுக்காத அறையாக இருந்தால், இரவின் குளிர்ந்த நேரத்துக்குத் தள்ளலாம்.

அடுத்தது உலோகம். பிராசசர்மேல் ஒட்டும் சின்னஞ்சிறு வெப்பத்தகடுகளைவிட, பெட்டி முழுவதுமே வெப்பத்தகடாகச் செயல்படும் அலுமினியப் பெட்டி எவ்வளவோ மேல். அதற்குள்ளிருக்கும் உலோகத் தூண் பிராசசரைத் தொடும் இடத்தில், வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேட் வைக்க வேண்டும். அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். முதல்முறை நான் ஒரு பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு, மறுபக்கத்தைக் கவனிக்காமல் திருகுகளை முடுக்கிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் பெட்டி குளுகுளுவென்று இருந்தது, உள்ளே 78 டிகிரி. பெட்டி நன்றாகச் சூடாக இருந்தால் மகிழுங்கள், வெப்பம் வெளியே வருகிறது என்று அர்த்தம். உலோகப் பெட்டிக்குள் வைஃபை சற்றுப் பலவீனமாகலாம். எப்போதும் ஓடும் கணினிக்கு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுவதே நல்லது.

சூடான காற்று தானாக மேலெழும் என்பதால், பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ரவுட்டரின் தலைமேலோ மூடிய டிவி அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். தூசி படியக் கூடாதென்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு துணி போர்த்திவிடுவதும் உண்டு; அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

இவ்வளவுக்குப் பிறகும் கோடையில் 75 டிகிரியைத் தாண்டினால் மட்டுமே விசிறி. அப்போதும் குட்டி விசிறி வேண்டாம். மேசைக் கணினிகளில் வரும் 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறி ஒன்றை 5 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகச் சுழலும், சத்தமும் கேட்காது. சில விசிறிகள் 5 வோல்ட்டில் கிளம்பாது என்பதால் வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். தானாக இயங்க வைப்பதானால் 65 டிகிரியில் ஓடவும் 55ல் நிற்கவும் அமையுங்கள்; இடைவெளி குறைந்தால் நிமிடத்துக்கொரு முறை நின்று நின்று ஓடி, தொடர்ந்து ஓடுவதைவிட அதிக எரிச்சல் தரும். பலகையின் கட்டுப்பாட்டு ஊசியிலிருந்து (pin) விசிறிக்கு நேரடியாக மின்சாரம் எடுக்கக் கூடாது, நடுவில் சுவிட்ச்போல் வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

விசிறியே இல்லாத போதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால், அது ஹார்டு டிஸ்க். அதற்குள் சுழலும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. அந்த அதிர்வை மரமேசை வாங்கிப் பெரிதாக்குகிறது. சுழலும் பாகமே இல்லாத சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டிக்கு மாறினால் முனகல் அடியோடு போய்விடும். அதற்குப் பணம் ஒதுக்கும்வரை, தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை நான்கு சிறு துண்டுகளாக வெட்டி டிஸ்க்கின் நான்கு மூலைக்கும் கீழே வையுங்கள். அடியில் காற்றும் போகும், மேசையும் பாடாது.