எண்ணெய் முகம் என்று நீங்களே முடிவு கட்டும் முன்

மே மாத மதியம் சென்னையில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் யாருக்கும் முகத்தில் எண்ணெய் வழியத்தான் செய்யும். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு "எனக்கு ஆயிலி ஸ்கின்" என்று முடிவு கட்டி, எண்ணெய் உறிஞ்சும் ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப், டோனர் என வாங்கிக் குவிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

சருமத்தின் இயல்பு தெரிய வேண்டுமானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மென்மையான ஃபேஸ் வாஷில் முகம் கழுவித் துடைத்துவிட்டு, எதையும் தடவாமல், நேரடியாக ஃபேன் காற்றிலோ ஏசியிலோ உட்காராமல் ஒரு மணி நேரம் விடுங்கள். முகம் முழுக்க மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியும் மூக்கும் தாடையும் மட்டும் மினுமினுத்து, கன்னம் சும்மா இருந்தால் கலவை. வாயோரம் இழுத்துப் பிடித்து வெள்ளையாகப் பூத்தால் வறட்சி. எரிச்சல் தாங்காத சருமம் சிவக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் மாநிறத்தில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. எரிச்சல், அரிப்பு, அது அடங்கிய இடத்தில் படியும் கருமை, இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று: ஏற்கெனவே கண்டதையும் தடவிக்கொண்டிருப்பவர் இரண்டு வாரமாவது அதையெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுவரை பார்ப்பது சருமத்தை அல்ல, க்ரீம்கள் செய்த வேலையை.

சரி, எண்ணெய்ச் சருமம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக நாளைக்கு ஐந்து முறை சோப்பு போட்டால் எண்ணெய் குறைந்துவிடுமா? எண்ணெயைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி. அதன் வேகத்தைப் பெரும்பாலும் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அதற்குச் சேதி போவதில்லை. தோலின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். அடிக்கடி போட்டால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மேற்படலம்தான் பழுதாகிறது. மேலே எண்ணெய் வழிய, அடியில் வறண்டு இழுக்கும் முகங்கள் நிறைய உண்டு. அவர்கள்தான் "எனக்கு எதற்கு மாய்ஸ்சரைசர்" என்று கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஜெல் வகையிலோ நீர்த்த லோஷனாகவோ அவர்களுக்கும் ஒன்று வேண்டும். வறண்ட சருமக்காரர்கள் கெட்டியான க்ரீமாக எடுத்து, முகத்தில் ஈரம் காயும் முன்பே தடவ வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, எலுமிச்சையைத் தவிர. அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கருந்திட்டும் வரலாம். தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு அருமை, பரு வரும் முகத்துக்கு ஆகாது. நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வந்தால் ஃபேஸ் வாஷை மாற்றும் முன், தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து இறங்குகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சீரம் மோகம். வைட்டமின் சி, நியாசினமைட், சாலிசிலிக் அமிலம், ரெட்டினால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால், எது எரித்தது, எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே சுமார் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் பலன் இல்லை என்று பாட்டிலை மாற்றுவது காசுக்குத்தான் கேடு. ரெட்டினால் என்றால் இரவில், பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாளில் தொடங்கலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

சன்ஸ்கிரீனில் நடக்கும் தவறு, அளவு. பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் அந்தக் கணக்கை ஒட்டி வரும். பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்தால் எஸ்பிஎஃப் 50 என்பது பெயரளவுக்குத்தான். கறுப்பு நிறத்துக்குத் தேவையில்லை என்பதும் தவறு. முகத்தில் படரும் கருந்திட்டான மங்கு நம்மவர்களுக்குச் சர்வசாதாரணம். மங்கு இருப்பவர்களுக்கு, இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் மங்கு கூடும். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் உள்ளே வரும்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். உண்மையிலேயே பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெளுக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் ட்யூப். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபீட்டசால் என்று ஏதாவது தென்பட்டால், டாக்டர் சொல்லாமல் முகத்தில் போடாதீர்கள். முதல் சில வாரம் பரு அமுங்கி, நிறம் கூடி, பக்கத்து வீட்டில் என்ன க்ரீம் என்று விசாரிக்கும் அளவுக்கு வேலை செய்யும். மாதங்கள் போனதும் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பரு கூடும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி அதையே தடவுவார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ல் இவற்றுக்கு விதியைக் கடுமையாக்கியது. கடைகளில் நிலைமை நீங்கள் அறிந்ததே. ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவி வருபவர்கள் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி விடுவது நல்லது. லேபிளே இல்லாமல் டப்பாவில் விற்கும் "ஃபார்முலா க்ரீம்"களில் பாதரசமும் இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் காலையில் ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் முதல் இரண்டு மட்டும். ஒரு மாதம் இப்படியே போகட்டும். புதுப் பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. முக்கியமாக, வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் புது க்ரீமும் வேண்டாம், பார்லரில் புது ஃபேஷியலும் வேண்டாம்.