டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் நீதிமன்ற ஆவணம் பெறுவது எப்படி?

நீதிமன்றம் என்றாலே வழக்கறிஞர் துணையில்லாமல் படியேறக் கூடாது என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். டெக்சாஸில் பெரும்பாலான வழக்குக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குடியுரிமை தேவையில்லை, அந்த வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கவும் தேவையில்லை. சிறார் வழக்கு, தத்தெடுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே தடை உண்டு.

எந்த அலுவலகம் என்பதில்தான் குழப்பம் வரும். கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு; அங்கே ஆவணங்களைக் காக்கும் அதிகாரியே கிளார்க். விவாகரத்தும் பெருங்குற்ற வழக்குகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். சொத்துப் பத்திரம், திருமண உரிமம், உயில் எல்லாம் கவுண்டி கிளார்க்கிடம். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றும் வழக்கு, 20,000 டாலர் வரையிலான சிறு வழக்கு, நெடுஞ்சாலையில் வாங்கிய போக்குவரத்து டிக்கெட் ஆகியவை ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற, சிறு வழக்குகளுக்கான உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகும். அது வேறு ஊரில்கூட இருக்கலாம். மக்கள்தொகை 8,000-க்குக் குறைந்த கவுண்டியில் ஒரே கிளார்க் இரண்டு பதவிகளையும் வகிக்கலாம். 2020 கணக்கெடுப்பில் 64 பேரே இருந்த லவிங் கவுண்டியும் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. சிறிய அலுவலகங்கள் மதிய உணவுக்கு மூடிவிடுவது உண்டு. போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரீசர்ச்-டிஎக்ஸ் (re:SearchTX) என்ற மாநில இணையதளத்தில் முதலில் தேடிப் பார்க்கலாம். ஆனால் சிவில் வழக்குகளுக்கே மின்வழித் தாக்கல் 2014 முதல் படிப்படியாகத்தான் கட்டாயமானது. பழைய கோப்பு வேண்டுமென்றால் கவுண்டரில் போய்க் கேட்பதே வழி.

கிளார்க் கேட்கும் முதல் கேள்வி வழக்கு எண். அது தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் அங்கேதான். தந்தை பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயராகவும், வேறிடத்தில் முதற்பெயராகவும் பதிவாகியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கு, இருக்கும் பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் விசாவில் ‘எஃப்என்யூ’ (FNU, ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். அதுவே முதற்பெயராகக் காவல்துறை எழுதிய டிக்கெட்டிலும் ஏறிவிடும். ஆகவே பெயரை இருவகையிலும் மாற்றிப் போட்டும், எஃப்என்யூ சேர்த்தும், எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேடச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் கொடுங்கள். ஒரே தேடலில் ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

கிளார்க் அலுவலகத்தில் நகல் பொதுவாகப் பக்கத்துக்கு 1 டாலர். சான்றளிக்கப்பட்ட நகல் என்றால் கவுண்டி கிளார்க் சான்றுக்காகக் கூடுதலாக 5 டாலர் வாங்குவார். சட்ட ஆலோசனையை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை.

திவால் வழக்கு கவுண்டியில் கிடைக்காது. அது கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் (PACER) என்ற இணையதளத்தில் இருக்கும்: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை.

நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்: எப்போதாவது கைதாகியிருந்தாலோ குற்ற வழக்கு இருந்தாலோ, அது தள்ளுபடியாகியிருந்தாலும், இறுதித் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தின்போது அதைக் கேட்பார்கள். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று கிளார்க் சொன்னால், அதையே முத்திரையிட்ட கடிதமாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.